படகின் மூக்கில் ஒரு படுக்கை

ஏசுவடியான் காலையில் காறித் துப்புகிற சத்தத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பாதித் தெரு எழுந்துவிடும். பின்வாசலில் குழாய் இருக்கிறது. ஆனாலும் அவருக்குச் சமையலறையை ஒட்டியிருக்கிற வாஷ்பேசின்தான் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் துப்புவார், சாராள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். துப்பின கையோடு குழாயைத் திறந்துவிடலாமே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால் சாராளுக்கும் தோன்றியதில்லை.

அன்றைக்கும் அதைக் கழுவிவிட்டு வந்துதான் வாணலியை அடுப்பில் வைத்தாள். மல்லியும் சீரகமும் மிளகும் வறுபட்டுத் தாம்பாளங்களில் ஆறிக்கொண்டிருந்தன. மிளகாயைப் போட்டதும் நெடி கிளம்பி இருமல் பிடித்துக்கொண்டது. மூத்த மகன் மெர்வின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றான்.

"அம்மா, குழம்புத்தூள் தாராளமாவே அரைங்க. மீனுக்குத் தனி, கறிக்குத் தனி. அந்த ஊர்ல போயி தேடிட்டிருக்க முடியாது."

"சாப்பாடெல்லாம் படகுலயே குடுப்பாங்கன்னு சொன்னியே கண்ணு?"

"அப்பாவுக்கு எறங்கோணுமல்ல... அங்க போயி பாத்துக்கலாம்" என்றவன், நெடியைச் சாக்கு வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

சாராள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இருந்த சந்தோஷத்தில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இல்லை. அவர்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் ஏற்பாடு செய்திருந்தது சாதாரணப் பயணம் அல்ல. தாய்லாந்து தேசத்தில் புக்கெட் என்று ஒரு தீவு. அங்கே பாய்மரம் வைத்த சொகுசுப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதிலேயே தங்கித் தூங்கித் தீவைச் சுற்றி வருவது என்று முடிவாகியிருந்தது. மோட்டார் பட்டறை நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மெர்வின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊரெல்லாம் என்றால் நிஜமாகவே ஊரெல்லாம்தான். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கிற நேரத்தில், "சகோதரர் ஏசுவடியான், சாராள் அம்மாள் தம்பதியரின் திருமண நாளை முன்னிட்டு அவர்களுடைய பிள்ளைகள் அவர்களைக் கடல் பயணம் அழைத்துச் செல்கிறார்கள்" என்று போதகரையே அறிவிக்க வைத்துவிட்டான். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள். சாராள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

கடல் என்பது அவளுக்குப் பழைய ஆசை. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடுத்தார் ஏசுவடியான். அந்த வாரம் பார்த்துப் பட்டறைக்குப் புது லேத் மெஷின் வந்து இறங்கியது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மெஷினோடு வேலைக்கு ஆட்களும் வந்தார்கள். கொஞ்ச நாளைக்கு நீயே பொங்கிப் போடு என்றார். கோத்தகிரி மிஷன் பள்ளியில் கிடைத்திருந்த டீச்சர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாராள் பட்டறைக்குப் பொங்க ஆரம்பித்தாள். அந்தக் கொஞ்ச நாள், பிள்ளைகளுக்குக் கல்யாணமாகும் வரைக்கும் நீண்டது.

அதனால்தான் இளையவன் ஜேக் அந்தத் தீவின் கடலைப் படமாக அவள் போனில் போட்டுக் கொடுத்ததிலிருந்து, போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே சமைத்தாள். தண்ணீர் அப்படி ஒரு நிறத்தில் இருக்குமென்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒரே ஒரு முள் இருந்தது. அது ஜேக்கின் மனைவி கரோலின். போன வாரம் துணி மடிக்கும்போது அவர்கள் அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "அத்தை வந்தாங்கன்னா நான் வர்றதில்லைங்க. என்னால பாத்துட்டு இருக்க முடியாது." அவ்வளவுதான் கேட்டது. அதுவே போதுமானதாக இருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடாத குறையாக எல்லாம் செய்தவள் சாராள். அன்றிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதும் கரோலின் உள்ளே வந்து தாம்பாளங்களைப் பார்த்து, "எதுக்குங்க அத்தை இத்தனை?" என்றபோது, "உனக்கு ஒண்ணும் அரைக்கல, வெசனப்படாத" என்று வாணலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கரோலின் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்புக்கு மேலே இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் அர்ஷத் வந்தான். காந்திபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறவன். ஏசுவடியானை அண்ணன் என்றும் சாராளை அம்மா என்றும் கூப்பிடுவான், உறவுமுறைக் கணக்கு உதைத்தாலும் அவனுக்கு அது உதைக்காது. ஆண்கள் எல்லாம் பட்டறையில் இருந்தார்கள். வந்துவிடுவார்கள் என்று அவனைக் கூடத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். அவன் படகின் படத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தான்.

"நம்ம கட்டுமரந்தானுங்கம்மா இது. ரெண்டு உடம்பு, நடுவுல ஒரு கூடம். வாங்க, உங்க இடத்தக் காட்டறேன். இதுதானுங்க அடுப்படி."

சாராள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கூடத்துக்கு ஓரத்தில் ஒரு ஆள் நின்று திரும்புகிற இடம். அடுப்பைச் சுற்றி ஒரு கம்பி போட்டிருந்தது.

"படகு ஆடறப்ப அடுப்பும் சேந்து ஆடுமுங்க. பாத்திரம் உழுகாம இருக்கத்தான் அந்தக் கம்பி. சுடுதண்ணி வைக்கறப்ப மட்டும் பாத்து இருந்துக்குங்க. எட்டுப் பேரு, கேப்டன் ஒருத்தரு. காலையில வெள்ளென படகு எடுப்பாங்க, அதுக்கு முன்னால டிபன் முடிச்சுப்போட்டீங்கன்னா அப்புறம் சிரமமில்லீங்க."

சாராளுக்கு உடனே விளங்கவில்லை. கேப்டனுக்கு நான் எதுக்குத் தம்பி டிபன் செய்யோணும் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அர்ஷத்தும் சிரித்தான். "சமையலுக்கு ஆள் வச்சுக்கலாம்னு சொன்னேனுங்கம்மா. அண்ணன்தான் கேக்கல. 'என்ற சம்சாரம் அடுத்தவங்க கையில எங்களச் சாப்பிட உடமாட்டா, நானே பொங்கிக்கறேன்னு அவளே ஆசைப்பட்டுக் கேட்டுட்டா'ன்னு சொன்னாருங்க. அதனாலதான் உங்களுக்குப் படுக்க இங்க..." என்று படகின் முன்நுனியைத் தொட்டுக் காட்டினான். இரண்டு உடம்புக்கும் இரண்டு மூக்கு. ஒரு மூக்கில் கேப்டன். இன்னொரு மூக்கில், மேலே ஒரு மூடியைத் தூக்கிவிட்டு ஏணியில் இறங்கினால், ஒற்றை ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பலகை.

"அறை நாலு இருக்குதல்லங்க தம்பி?"

இருக்கிறது என்று அர்ஷத் கணக்குச் சொன்னான். ஒன்று மெர்வினுக்கும் அவன் மனைவி லின்சிக்கும். ஒன்று ஜேக்குக்கும் கரோலினுக்கும். ஒன்று லின்சியைப் பெற்றவர்களுக்கு. ஒன்று அண்ணனுக்கு, அவருக்கு இடுப்பு வலி என்பதால் கட்டில் முழுதாக வேண்டும். அம்மா வெள்ளென எழுந்து சமைக்கப் போகிறவர்கள்தானே, யாருக்கும் தொந்தரவில்லாமல் மூக்கிலேயே... சொல்லிக்கொண்டே வந்தவன் சாராளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். டீயைக் கீழே வைத்தான்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சாராள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நான் வேற... தப்புப் பண்ணிப்போட்டேனுங்கம்மா. அதுதான் உங்க சின்ன மருமக எனக்கு அத்தனை தடவ போன் பண்ணாங்களா? சமையலுக்கு ஆள் போட்டே ஆகோணும், தன்னோட சீட்ட வேணாலும் எடுத்துருங்க, அத்தைய அந்தப் பொந்துக்குள்ள படுக்க வைக்காதீங்கன்னு சண்டையே போட்டாங்க. அண்ணன் கிட்டக் கேட்டதுக்கு, அவ சின்னப்புள்ள, கண்டுக்காதன்னுட்டாருங்க."

டீ ஆறிப்போகுது தம்பி, குடிங்க என்றாள் சாராள். அவன் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றாள். வீட்டுக்கு வந்த ஒறம்பரையை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவன் வெளியே போனதும் பின்வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. மிளகாய் நெடியோடு கசப்பான தண்ணீர்தான் வந்தது.

சமைக்கச் சொன்னதற்காக அல்ல. சமைப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கேட்டிருந்தால் மூக்கிலும் படுத்திருப்பாள், வாலிலும் படுத்திருப்பாள். "அவளே ஆசைப்பட்டுக் கேட்டாள்" என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. அவள் ஆசை என்ன என்று ஒரு நாளும் கேட்காத மனுஷன், அவள் ஆசையை அவளுக்காகத் தயார் செய்து ஊருக்குச் சொல்லியிருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தபோது சாராள் அன்றுதான் முதல் தடவையாக அவர்களைப் பார்த்தாள். மெர்வின் எலும்பை உறிஞ்சிவிட்டு மேஜை விரிப்பின்மேலேயே போட்டான். லின்சி போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, படகிலிருந்து குதித்துக் குளிக்கும்போது எந்த உடுப்பு நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே, கறித்துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டிக்குள் போட்டாள். ஏசுவடியான் ஏப்பம் விட்டார். எல்லாவற்றையும் இவ்வளவு நாள் யார் துடைத்தது? தான்தான். துடைத்துத் துடைத்தே அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. சாராளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஏசுவடியானுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவியதும் துண்டைத் தேட மாட்டார். சாராள் எங்கே நிற்கிறாளோ அங்கே வந்து அவள் முந்தானையைப் பிடித்துக் கையைத் துடைத்துக்கொள்வார். புதிதாக வந்த காலத்தில் அதைப் பாசம் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். அன்றைக்கும் ஈரக்கையோடு வந்தார். சாராள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கை அந்தரத்தில் நின்றது. தண்ணீர் சொட்டியது. என்ன ஏது என்று கேட்காமல் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கரோலின் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சாராள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போர்வையைப் பிழிந்தார்கள்.

"ஏன் அம்மணி என்ற கிட்டச் சொல்லல?"

கரோலினுக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எப்படிங்கத்தை சொல்லுவேன்? நீங்க அந்தப் படத்தப் பாத்துப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிப்போடலாம்னு பாத்தேன். இவருகிட்டச் சொன்னா, அண்ணன மீறிப் பேச முடியாதுங்கறாரு. மாமா கிட்டச் சொன்னா, உனக்கென்ன தெரியும்ங்கறாரு. நீங்க அங்க வேர்வையில நின்னு பொங்க, நான் மேல உக்காந்து காத்து வாங்கறதா? என்னால ஆகாதுங்க."

இந்தப் பெண்ணிடமா ஒரு வாரமாக மூஞ்சியைத் திருப்பினோம் என்றிருந்தது சாராளுக்கு. அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஈரப் போர்வைகளுக்கு நடுவே இருவரும் அழுதார்கள்.

"தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு... மனசுல வச்சுக்காத."

"வேண்டாம்னு சொல்லிருங்கத்தை. நானும் வரல. நம்ம ரெண்டு பேரும் ஊட்டுலயே இருந்துக்கலாம்."

"சமையல் எனக்குப் பழகிப்போச்சு அம்மணி, அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லோணும்? இந்த ஊட்டுல கடல் பாக்கோணும்னு ஆசைப்பட்டது நான் ஒருத்திதான்" என்றாள் சாராள். அதைச் சொல்லும்போது அவள் கண் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரயாண ஜெபம். அந்தக் குடும்பத்தில் மேட்டுப்பாளையம் தாண்டிப் போவதென்றால்கூடப் போதகர் வந்து ஜெபிக்காமல் வண்டி எடுக்க மாட்டார்கள். விமானமும் கடலும் என்றால் கேட்க வேண்டியதில்லை. லின்சியின் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். கூடத்தின் மூலையில் பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. சாராளின் பெட்டியில் மெர்வின் தன் கையாலேயே பிரஷர் குக்கரையும் தூள் டப்பாக்களையும் வைத்து மூடியிருந்தான். அவளுடைய சேலைகள் ஒரு துணிப்பையில் இருந்தன.

பாட்டுப் பாடினார்கள். போதகர் பிரயாணத்துக்கென்று வழக்கமாக வாசிக்கிற சங்கீதத்தை வாசித்தார். பிறகு வேதப்புத்தகத்தை மூடிவிட்டு, ஜெபக்குறிப்பு என்னவென்று ஒவ்வொருவரையும் கேட்டார். மெர்வின் புயல் மழை இல்லாமல் இருக்க வேண்டும் என்றான். லின்சிக்குக் கடல் ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறக்கூடாது. ஏசுவடியானுக்கு இடுப்பு வலி. ஜேக் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லை என்றான். கரோலினும் அதையே சொன்னாள். போதகர் கடைசியாகச் சாராளைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு குறிப்பு இருக்குதுங்க ஐயா" என்றாள் சாராள். "எல்லாரும் சுத்திப் பாக்கப் போறாங்க. நான் சமையலுக்குப் போறேனுங்க. படகு ஆடறப்ப அடுப்பும் ஆடுமாங்க. கை கால் சுட்டுக்காம, எல்லாருக்கும் வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டுட்டு வரோணும்னு ஜெபிச்சுக்குங்க."

முழங்காலிடுவதற்குத் தயாராகப் பாதி எழுந்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

மெர்வின் சிரித்தான். அம்மா விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் ஐயா என்றான். போதகர் சிரிக்கவில்லை.

"உங்க கல்யாண நாளுக்குப் பிள்ளைங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு நான் பீடத்துல நின்னு அறிவிச்சேனேம்மா."

"ஆமாங்க ஐயா. நானும் அதத்தான் நம்புனேன். படகுல நாலு அறை இருக்குதுங்க. எனக்கு அதுல இடமில்ல. முன்னால மூக்குல, மூடியத் தெறந்துட்டு எறங்கற பொந்து ஒண்ணு, அங்க படுக்கோணுமுங்க. பொங்கறதுக்கு நான் என்னிக்குமே மாட்டேன்னு சொன்னதில்லீங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நானே ஆசைப்பட்டுக் கேட்டேன்னு வெளிய சொல்லிருக்காங்க. அப்படிக் கேட்டது எந்தச் சாராள்னு எனக்குத் தெரியலீங்க."

லின்சியின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "எங்க கிட்டயும் அப்படித்தானுங்க சொன்னாங்க. உங்களுக்கு வேற யாரு சமைச்சாலும் புடிக்காதுன்னு... ஏன் லின்சி, உனக்குத் தெரியுமா?" லின்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

போதகர் ஏசுவடியானைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். பட்டறையில் ஆளுக்கு ஆள் அதட்டுகிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"இந்தக் குறிப்ப வச்சு நான் எப்படிங்க ஜெபிக்கறது?" என்றார் போதகர். "நீங்க எல்லாரும் உக்காந்து பேசி, என்ன ஜெபிக்கோணும்னு சொல்லியனுப்புங்க. நான் நடந்தே வந்தர்றேன்." வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காபி கொண்டுவருகிறேன் என்று சொன்ன லின்சியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெபம் இல்லாமல் அந்த வீட்டில் யாரும் பெட்டியைத் தூக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மெர்வின்தான் முதலில் வாயைத் திறந்தான். குடும்ப மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்றான். அதைக் கேட்டு ஜேக் எழுந்து வந்தான். அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாதவன், "மானத்த வாங்குனது நாமதாண்ணா" என்று சொல்லிவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று விம்மினான். சாராள் அவன் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

சமையலறைக்குப் போனவள் பின்னாலேயே ஏசுவடியான் வந்தார்.

"ஏன் புள்ள, என்கிட்டத் தனியாச் சொல்லிருக்கலாமல்ல? நாலு பேரு முன்னால இப்படிப் பண்ணிப்போட்டியே."

"நீங்க என்கிட்டத் தனியாச் சொன்னீங்களாங்க?"

அவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு உன்ற கையில சாப்பிட்டாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்குது. அதுனாலதான்..." என்று இழுத்தார்.

"அதப் பாசம்னுதான் நானும் இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேனுங்க. முந்தானையில நீங்க கை தொடைக்கறதக்கூட அப்படித்தான் நெனச்சேன். அன்னைக்கு அர்ஷத் தம்பி அந்தப் பொந்தக் காட்டுன பொறவு எனக்குக் கொமட்டிட்டு வருது. உங்கமேல கோவம்கூட இல்லீங்க. கோவம் வந்தா ஆறிப்போயிரும். இது அருவருப்பு. உங்களப் பாத்து எனக்கு இப்படித் தோணுதேன்னுதான் அழுகையா வருது."

அடி வாங்கியிருந்தால்கூட ஏசுவடியான் அப்படி நின்றிருக்க மாட்டார். உதடு கோணியது. முப்பத்தைந்து வருஷத்தில் சாராள் அவர் அழுது பார்த்ததில்லை. இப்போதும் சத்தம் வரவில்லை, தண்ணீர் மட்டும் மூக்கு வழியாக இறங்கி மீசையில் நின்றது. துடைக்கத் துணி தேடினார். அவள் முந்தானை இடுப்பில் செருகியபடியே இருந்தது. அவர் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"என்ன பண்ணோணுங்கற, சொல்லு சாராள்."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலமாயிருந்தது. அவள் கூடத்துக்கு வந்து தன் பெட்டியைத் திறந்தாள். பிரஷர் குக்கரைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அதன்மேல் தூள் டப்பாக்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் வேணும்னா உங்க பெட்டியில வச்சுக்குங்க. நான் வாரேன். கடல் பாக்க வாரேன். சமையலுக்கு ஆள் போடச் சொல்லுங்க. உங்களுக்கு வச்ச அந்த அறை எனக்கு. உங்க இடுப்புக்கு இடம் பத்தலைன்னா படகுக் கூடத்துல மெத்தை போட்ட பெஞ்சு இருக்குது, அங்க படுத்துக்குங்க. கரோலின் வருவா. இது சம்மதம்னா ஐயாவக் கூப்பிடுங்க."

ஏசுவடியான் குக்கரோடு நின்றபடியே ஜேக்கிடம், அர்ஷத்துக்குப் போன் போடச் சொன்னார். போனைத் தானே வாங்கி, தான் சொன்னது பொய் என்று அர்ஷத்தின் காதுபடச் சொன்னார். காலியான பெட்டியில் கரோலின், அத்தையின் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மெர்வின் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கு அவனே நடந்து போனான்.

அந்தத் தீவின் கடல் போனில் பார்த்த நிறத்திலேயே இருந்தது. கேப்டனின் மனைவி நொய் என்கிற பெண்தான் சமையலுக்கு வந்திருந்தாள். முதல் நாள் படகு கிளம்பியதுமே ஏசுவடியானுக்குத் தலை சுற்றி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாளியை மெர்வின் கழுவினான். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அவனேதான் கழுவினான். ஏசுவடியான் கை அலம்பிவிட்டுப் பழக்கத்தில் சாராள் பக்கமாகத் திரும்பினார். பாதியில் நினைவு வந்து தன் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். சாராள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இப்படி உட்காருங்க, காத்து வரும் என்றாள்.

அன்று மத்தியானம் அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லி மூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பலகை, ஒரு தலையணை, மூலையில் சுருட்டி வைத்த கயிறு, டீசல் வாடை. நொய்யின் துணிப்பை அங்கே இருந்தது. என் கட்டிலில் பாதி காலியாகத்தானே இருக்கிறது, இந்தப் பெண்ணை அங்கே வந்து படுக்கச் சொல் என்று கரோலினிடம் சொன்னாள். கரோலின் இங்கிலீஷில் கேட்டாள். நொய் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி எதையோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"பழகிப்போச்சாங்கத்தை."

சாராள் மூடியை மெதுவாக இறக்கி மூடினாள்.

எல்லோரும் கூடத்தில் சாப்பிட்டு முடித்தபின் பார்த்தால், நொய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிட இருந்தாள். சாராள் கூடத்து மேஜையில் தனக்கு எதிரே கிடந்த தட்டுகளை ஒதுக்கினாள். பெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

"சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டாள்.

கரோலின் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் நொய் கிண்ணத்தோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.